பாசஞ்சர் வண்டியின் நிழல்

ரயில் ஓட்டுகிறவர்களுக்குப் பயமே கிடையாது என்று நினைக்கிறவர்கள் ஒரு தடவை இன்ஜினுக்குள் ஏறி உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஆசீர்வாதத்துக்கு இருபத்திரண்டு வருட சர்வீஸ். ஆறடி உயரம், முறுக்கிவிட்ட மீசை, ஒரு அதட்டு அதட்டினால் பிளாட்பாரத்து நாய்கூட எழுந்து போய்விடும். அப்பேர்ப்பட்ட ஆளுக்குத் தண்டவாளத்தின் மேல் ஒரு சிவப்புத் துணி கிடந்தால் போதும், கை தானாகப் பிரேக்குக்குப் போய்விடும். ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு காலையில், செல்போனில் பேசிக்கொண்டே ஒருவர் அவருடைய வண்டிக்குக் குறுக்கே வந்தார். அப்போது கேட்டது ரொம்பச் சின்னச் சத்தம். அதைப் பற்றி ஆசீர்வாதம் வீட்டில் ஒரே ஒரு தடவைதான் பேசினார், மனைவி ரூத்திடம், சோற்றைப் பிசைந்துகொண்டே. பாதியில் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

அந்தப் பயத்தில்தான் அவர் ரூத்துக்கு ஒரு யோசனை சொன்னார். நல்ல யோசனைதான். இந்தக் கதையில் வருகிற அத்தனை வினைக்கும் அதுவேதான் காரணம்.

விஷயம் இதுதான். ரூத் பழங்காநத்தத்தில் ஒரு மிஷன் பள்ளியில் கணக்கு டீச்சர். வீடு நல்லூரணியில், விருதுநகருக்கும் திருமங்கலத்துக்கும் நடுவில். தினமும் காலை எட்டு ஐந்துக்கு வருகிற மதுரை பாசஞ்சரில் ஏறுவாள். அடுத்த ஸ்டேஷன் வேலங்குளம். அங்கே பாசஞ்சரை லூப் லைனில், அதாவது ஓரத்துத் தண்டவாளத்தில், ஒதுக்கி நிறுத்திவிடுவார்கள். பின்னால் திருநெல்வேலியிலிருந்து வருகிற, ஆசீர்வாதம் ஓட்டுகிற விரைவு வண்டி எட்டு முப்பத்திரண்டுக்குப் பக்கத்து மெயின் லைனில் தாண்டிப் போகும். அது போன பிறகும் பாசஞ்சருக்கு லேசில் பச்சை விழாது. மதுரை போய்ச் சேர ஒன்பதரை ஆகும், சில நாள் பத்தைத் தொடும்.

பள்ளியிலோ ஒன்பதேகாலுக்கு மணி அடித்துவிடுவார்கள். ரூத் மட்டும் இல்லை, ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்க்கிற மலையம்மாள், ஜவுளிக்கடைப் பெண்கள், ஐ.டி.ஐ. பிள்ளைகள் என்று எழுபது பேருக்கு இதே பாடு. அவர்களாகக் கண்டுபிடித்த வழி ஒன்று இருந்தது. வேலங்குளத்தில் பிளாட்பாரம் கிழக்கே, நான்குவழிச் சாலை மேற்கே. மேற்குப் பக்கக் கதவு வழியாக இறங்கி, மெயின் லைனைத் தாண்டி, ஒரு மேட்டில் ஏறினால் பஸ் வரும். அரை மணியில் பழங்காநத்தம். நடைபாலம் கிடையாது. அதைக் கேட்டு மனு கொடுத்து நான்கு வருடம் ஆகிறது.

இப்படி இறங்குகிறார்கள் என்று தெரிந்த அன்றைக்கு ஆசீர்வாதம் ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. இறங்காதே என்று சொன்னால் ரூத் கேட்கப்போவதில்லை. அதனால்தான் அந்த யோசனை.

"எங்க வண்டி தாண்டுற வரைக்கும் ஒருத்தரும் எறங்காதீங்க. முப்பத்திரண்டுக்கு அது போயிரும். அதுக்கப்புறம் பத்து நிமிஷம் அந்த லைன்ல ஈ காக்கா வராது. அப்ப எறங்கி நிதானமாப் போங்க."

ரூத் அதைத் தன் பெட்டியில் சொன்னாள். பெட்டி வண்டிக்கே சொன்னது. சொன்னது யார், வண்டி ஓட்டுகிறவரே அல்லவா? ஒன்றரை வருடமாக அதுதான் சட்டம். விரைவு வண்டியை ஆசீர்வாதம் இரண்டு மூன்று நாளைக்கு ஒரு முறைதான் ஓட்டுவார். ஆனால் யார் ஓட்டினாலும் அந்த எழுபது பேருக்கு அது டீச்சர் வீட்டுக்காரர் வண்டிதான். அது கடகடவென்று தாண்டிப் போனதும், "சார் வண்டி போயிருச்சு, எறங்குங்கப்பா" என்று ஒரு குரல் வரும். பள்ளிக்கூட மணி மாதிரி ஆகிவிட்டது. ஆசீர்வாதத்துக்கும் உள்ளூர ஒரு பெருமை. இவ்வளவு பேரைக் காப்பாற்றி வைத்திருக்கிறோம் என்று மீசையைத் தடவிக்கொள்வார்.

வீட்டில் இதை வைத்து வாரத்துக்கு ஒரு சண்டையாவது நடக்கும். சண்டை என்றால் பெரிய சண்டை இல்லை, தோசைக்கல் சூடேறுகிற நேரத்துக்குள் முடிகிற சண்டை.

"வேகமாப் போற வண்டிக்குத் தனியாப் புது லைன் போட்டுட்டா எல்லாம் சரியாயிரும் ரூத். நாங்க அதுல போயிருவோம். ஒங்க பாசஞ்சரை ஓரங்கட்ட ஆளே இருக்காது. இம்புட்டுத்தான் விஷயம்."

"போடட்டுமே. நான் வேணாங்கலையே. அது வர்ற வரைக்கும் நாங்க எதுல போறது? இருக்கிற லைன்ல காலையில ரெண்டு வண்டி கூட விடுங்க, வேலங்குளத்துல ஒரு பாலம் போடுங்கன்னுதான கேக்குறோம்."

மனுவுக்குப் பதில் ஒன்று வந்திருந்தது. அதிவேகப் பாதைக்கான ஆய்வு நடந்துகொண்டிருப்பதாகவும், அது முடிந்த பின் பாசஞ்சர் வண்டியின் நேரம் பரிசீலிக்கப்படும் என்றும் எழுதியிருந்தார்கள். ரூத் அதைக் காந்தம் வைத்து ஃபிரிட்ஜில் ஒட்டிவைத்தாள். பால் எடுக்கப் போகும்போதெல்லாம் ஆசீர்வாதத்தின் கண்ணில் அது படும். படட்டும் என்றுதான் ஒட்டினாள்.

பங்குனி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. ஆசீர்வாதம் திருநெல்வேலியிலிருந்து விரைவு வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தார். பக்கத்து சீட்டில் அசிஸ்டென்ட் பீமாராவ், முப்பது வயதுக்காரர், மேலூர் பக்கம். கண்ணாடிக்குப் பின்னால் கண் சிமிட்டாமல் தடத்தைப் பார்க்கிற ஆள். விருதுநகருக்கு வெளியே சிவப்பு விழுந்து ஏழு நிமிஷம் நிறுத்திவைத்தார்கள். பக்கத்தில் ஐந்தாறு பெட்டிகளோடு ஒரு வண்டி முந்திக்கொண்டு போயிற்று.

"ஸ்பெஷலாம்ணே. ஆபீசருங்க வண்டி. இந்தத் தடம் நூத்திமுப்பது தாங்குமா, இல்ல புதுசாத்தான் லைன் போடணுமான்னு ஓட்டிப் பாக்குறாங்களாம்."

"பாக்கட்டும், பாக்கட்டும். நம்மளை ஓரங்கட்டிட்டுப் பாக்கட்டும்" என்று ஆசீர்வாதம் சிரித்தார். ரூத்திடம் சொல்ல நல்ல கதை கிடைத்தது என்று நினைத்துக்கொண்டார். இன்றைக்கு நானும் உன்னைப் போல ஓரத்தில் நின்றேன் என்று சொன்னால் அவள் முகம் எப்படிப் போகும் என்று யோசித்துப் பார்த்தார்.

பச்சை விழுந்தது. விட்ட நேரத்தைப் பிடிக்க வேண்டும். வண்டி மளமளவென்று நூற்றுப்பத்தைத் தொட்டது. கருவேலங்காடும் காய்ந்த கண்மாயும் பின்னால் ஓடின. நல்லூரணி வந்தது. இந்த இடத்தில் ஆசீர்வாதம் வழக்கமாகத் தன் வீட்டு மாடியில் இருக்கிற நீலத் தண்ணீர்த் தொட்டியைப் பார்ப்பார். இன்றைக்கும் பார்த்தார். கொடியில் ரூத்தின் மஞ்சள் சேலை காய்ந்துகொண்டிருந்தது. மணி எட்டு முப்பத்துநான்கு.

நம் வண்டிக்காக இந்நேரம் லூப்பில் உட்கார்ந்திருப்பாள் என்று நினைத்தார். முப்பத்திரண்டு ஆகிவிட்டதே, இன்னும் காணோமே என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள் என்று நினைத்தார்.

அப்போதுதான் அந்தக் கணக்கு அவர் மண்டைக்குள் இறங்கியது. ஸ்பெஷல் தங்களுக்கு ஏழு நிமிஷம் முன்னால் போகிறது. தங்கள் வண்டி வேலங்குளத்தைத் தாண்டப்போவது எட்டு முப்பத்தொன்பதுக்கு. அப்படியானால் ஸ்பெஷல் தாண்டியது எட்டு முப்பத்திரண்டுக்கு.

ஏதோ ஒரு வண்டி முப்பத்திரண்டுக்குத் தாண்டிவிட்டது. எழுபது பேரும் அதைத்தான் இவருடைய வண்டி என்று நினைத்திருப்பார்கள். இந்நேரம் இறங்கியிருப்பார்கள். அவர்களுக்குப் பத்து நிமிஷம் தந்தது இவர்தான்.



"பீமா, போனை எடு."

பீமாராவ் திரும்பிப் பார்த்தார். வண்டி ஓடும்போது போனை அணைத்துப் பைக்குள் வைக்க வேண்டும். இன்ஜினுக்குள் தலைக்கு மேலே கேமரா இருக்கிறது. இரண்டு பேருக்கும் அது தெரியும்.

"அண்ணே, கேமரா."

"எடுய்யா. ரூத்துக்குப் போடு. நம்பர் சொல்றேன்."

அணைத்துவைத்த போன் உயிர் பெறுவதற்கு எவ்வளவு நேரம் எடுக்கும் என்று அன்றைக்குத்தான் ஆசீர்வாதத்துக்குத் தெரிந்தது. அதற்குள் வண்டி ஒன்றரைக் கிலோமீட்டர் போய்விட்டது. பீமாராவ் எண்களை அழுத்தினார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை.

எடுக்க மாட்டாள். பிளாட்பாரம் இல்லாத பக்கம் என்பதால் படி தரையிலிருந்து மார் உயரத்தில் இருக்கும். வயசான பெண்களை அவள்தான் இடுப்பைப் பிடித்து ஒவ்வொருத்தராக இறக்கிவிடுவாள். போன் கைப்பைக்குள், கைப்பை தோளில். எழுபது பேர் இறங்க எட்டு நிமிஷம் ஆகும் என்று அவளே சொல்லியிருக்கிறாள். இறங்கினவர்களும் உடனே மேட்டில் ஏற மாட்டார்கள். பஸ் எட்டு நாற்பத்திரண்டுக்குத்தான் வரும், மேட்டில் ஒரு செடி நிழல்கூட இல்லை. காலை வெயிலுக்குப் பாசஞ்சர் வண்டியின் நிழல் மேற்கே சாய்ந்து மெயின் லைனின் மேல்தான் விழும். அந்த நிழலில் நின்றுகொள்வார்கள். மலையம்மாளுக்கு மூட்டுவலி, தண்டவாளத்தின் மேலேயே உட்கார்ந்துகொள்வாள். இதையெல்லாம் ரூத் சிரித்துக்கொண்டே சொன்னபோது இவரும் சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறார்.

ஸ்டேஷன் மாஸ்டரைப் பிடிக்க வாக்கிடாக்கியை எடுத்தார். "வேலங்குளம் மாஸ்டர். வேலங்குளம் மாஸ்டர்."

கரகரப்புத்தான் வந்தது. மறுபடி கூப்பிட்டார். மூன்றாவது தடவை ஒரு குரல் வந்தது.

"வேலங்குளம். ஒங்களுக்கு மெயின்ல பச்சை போட்டாச்சு. வாங்க."

"மாஸ்டர், பாசஞ்சர் ஆளுங்க மேக்குப் பக்கம் எறங்கி நிக்கிறாங்களான்னு பாருங்க."

"என் ரூமு கெழக்க இருக்குங்க. நடுவுல பாசஞ்சர் நிக்குது. எனக்கு எங்க தெரியும்? பச்சை போட்டுருக்கு, நீங்க வாங்க."

தூரத்தில் முதல் சிக்னல் தெரிந்தது. பீமாராவ் வழக்கம்போலக் கையை உயர்த்தி, "டிஸ்டன்ட் பச்சை" என்றார். ஆசீர்வாதமும் கையை உயர்த்தித் திருப்பிச் சொல்ல வேண்டும். இருபத்திரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டு வருகிறார். இன்றைக்கு வாய் வரவில்லை.

பச்சை என்றால் போகலாம் என்று அர்த்தம். போகாமல் வேகத்தைக் குறைத்தால் ஏன் என்று கேட்பார்கள். போன மாதம்தான் ஒரு கேட்டுக்குப் பக்கத்தில் ஆடு மேய்க்கிற பெண்ணைப் பார்த்துப் பயந்து வேகத்தைக் குறைத்து நான்கு நிமிஷம் விட்டிருந்தார். காரணமின்றித் தாமதம் என்று விளக்கம் கேட்டு ஓலை வந்தது. இன்னொரு தடவை இப்படிச் செய்தால் பாசஞ்சருக்கு இறக்கிவிடுவோம் என்று அதிகாரி சொன்னார். பாசஞ்சர் ஓட்டுவது அங்கே ஒரு தண்டனை. இன்றைக்கு ஆபீசர்களே முன்னால் போகிறார்கள். ஒருவேளை அங்கே யாரும் இறங்கவில்லை என்றால்? இன்றைக்குப் பார்த்து எல்லோரும் உட்கார்ந்தபடியே இருந்தால்?

ஸ்டேஷனுக்கு முன்னால் ஒரு வளைவு. கருவேலம் அடர்ந்து கிடப்பதால் அதைத் தாண்டும் வரை ஒன்றும் தெரியாது. தாண்டினால் இருநூறு மீட்டர்தான் மிச்சம். நூற்றுப்பத்தில் போகிற வண்டி நிற்பதற்கு ஒரு கிலோமீட்டர் வேண்டும். இந்தக் கணக்குக்கு டீச்சர் தேவையில்லை.

"இயேசுவே" என்றார் ஆசீர்வாதம். பிரேக்கைப் போட்டார்.

"அண்ணே, பச்சைதான்."

"தெரியும்."

"அண்ணே."

"ஹாரனை அமுக்கு. கையை எடுக்காத."

வண்டி முனகிக்கொண்டு இறங்கியது. தொண்ணூறு. எழுபது. அது இறங்குகிற வேகத்தைப் பார்த்தால் வேண்டுமென்றே மெதுவாக இறங்குகிற மாதிரி இருந்தது. பின்னால் பதினேழு பெட்டி ஆட்களும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்திருப்பார்கள். ஆசீர்வாதத்துக்கு அதெல்லாம் ஞாபகத்தில் இல்லை. கொடியில் காய்ந்த மஞ்சள் சேலைதான் ஞாபகத்தில் இருந்தது. அது வீட்டில் கிடக்கிறது என்றால் இன்றைக்கு அவள் என்ன கலர் சேலை கட்டியிருப்பாள் என்று யோசித்தார். தெரியவில்லை. முந்தாநாள் வீட்டை விட்டுக் கிளம்பினவர், இன்று காலை அவளைப் பார்க்கவே இல்லை. எந்தக் கலரைத் தேடுவது என்றுகூடத் தெரியாமல் வளைவுக்குள் போனார்.

நாற்பதில் வண்டி வளைவை விட்டு வெளியே வந்தது.

இருந்தார்கள். அத்தனை பேரும் இருந்தார்கள். ஓரத்தில் பாசஞ்சர் நின்றுகொண்டிருந்தது, அதன் நிழல் மெயின் லைனின் மேல் விழுந்து கிடந்தது, அந்த நிழல் முடிகிற இடம் வரைக்கும் ஆள் ஆளாக நின்றார்கள். டிபன் டப்பாக்கள், கைப்பைகள், தலையில் போட்ட துப்பட்டாக்கள். ஒருவன் தண்டவாளத்தில் காலைத் தூக்கிவைத்து ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தான். ஹாரன் காதைக் கிழித்துக்கொண்டிருந்தது, ஒருத்தரும் அசையவில்லை. நான்குவழிச் சாலையில் பஸ்ஸும் லாரியும் நாள் முழுக்க அலறுகிற இடம் அது. அந்தச் சத்தத்தில் இதுவும் ஒன்று என்று நினைத்துவிட்டார்கள். பின்னால் வண்டி வராது என்று சத்தியம் செய்து கொடுத்த மாதிரி நின்றார்கள்.

முதலில் ஒரு ஜவுளிக்கடைப் பெண்தான் திரும்பிப் பார்த்தாள். கையிலிருந்த டப்பா கீழே விழுந்தது. பிறகு எல்லாத் தலையும் திரும்பின. சிலர் மேட்டுப் பக்கம் ஓடினார்கள், சிலர் பாசஞ்சர் பக்கம் ஓடினார்கள், நடுவில் மோதிக்கொண்டார்கள். தண்டவாளத்தில் உட்கார்ந்திருந்த மலையம்மாள் எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை. பச்சைச் சேலை கட்டிய ஒருத்தி அவளுடைய இரண்டு கக்கத்திலும் கையைக் கொடுத்துத் தூக்கிக்கொண்டிருந்தாள். அவள் ஓடவில்லை. அது ரூத்.

வண்டி நின்றது. இடையில் ஐம்பது அடி இருந்தால் அதிகம்.

ஆசீர்வாதத்துக்குப் போன உயிர் திரும்பி வரக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பீமாராவ் ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். அந்தக் கையைப் பிடித்து இவர்தான் எடுத்துவிட வேண்டியிருந்தது. ஜன்னலைத் திறந்து தலையை வெளியே நீட்டினார். 

அதற்குப் பிறகு நடந்ததுதான் அவர் எதிர்பார்க்காதது. ஓடினவர்கள் ஒவ்வொருவராக நின்றார்கள். நின்று இன்ஜினை அண்ணாந்து பார்த்தார்கள். அவரை அடையாளம் கண்டுகொண்டார்கள்.

"டீச்சர் வீட்டுக்காரருடா" என்று ஒருவன் சொன்னான். "நமக்காக நிப்பாட்டிட்டாருடா."

பயந்து வெளுத்த முகங்களில் சிரிப்பு வந்தது. ஒருத்தி போனைத் தூக்கிப் படம் எடுத்தாள். மலையம்மாள் ரூத்தின் தோளைப் பிடித்துக்கொண்டு, இன்ஜினைப் பார்த்து இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டாள். "மகராசனா இருப்ப தம்பி" என்றாள். பாசஞ்சருக்குள் இன்னும் இறங்காமல் இருந்தவர்கள், "வண்டி நிக்குதுடி, வா வா" என்று அப்போதுதான் தொப்புத் தொப்பென்று இறங்கினார்கள். எல்லோரும் நிற்கிற இன்ஜினுக்கு முன்னால், கல்யாண வீட்டுக்குப் போகிறவர்கள் மாதிரி ஆற அமரக் கடந்து போனார்கள்.

ரூத் கடைசியாகப் போனாள். அவள் சிரிக்கவில்லை. இன்ஜினைப் பார்த்தாள், பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தாள், பிறகு மறுபடி அவரைப் பார்த்தாள். கணக்கு டீச்சர் அல்லவா, அங்கேயே போட்டுப் பார்த்துவிட்டாள்.

வாக்கிடாக்கியில் குரல் வந்தது. "ஏங்க, பச்சை போட்டும் ஏன் நின்னீங்க?"

"லைன்ல ஆளுங்க மாஸ்டர்."

"எத்தனை பேரு?"

"எண்ணலை" என்றார் ஆசீர்வாதம்.

சாயங்காலம் ரூத் வீட்டுக்கு வந்தபோது அவர் அடுப்படியில் காபி போட்டுக்கொண்டிருந்தார். தம்ளரை நீட்டினார். அவள் வாங்கினாள், குடிக்காமல் அடுப்பு மேடையில் வைத்தாள்.

"ஏங்க, முதல்ல எறங்குனது நாந்தான்."

"சரி, விடு."

"அந்த வண்டி போறப்பப் பாத்தேன். அஞ்சாறு பெட்டிதான் இருந்துச்சு. ஒங்க வண்டி நீளமால்ல வரும்னு ஒரு நிமிஷம் தோணுச்சு. மணியைப் பாத்தேன், முப்பத்திரண்டு. சரிதான்னு எறங்கிட்டேன்."

பெட்டியை எண்ணாமல் மணியைப் பார்க்கப் பழக்கியது யார் என்று ஆசீர்வாதத்துக்குத் தெரியும்.

"அது போகட்டும். பஸ்ஸுல என்ன பேசிக்கிட்டாங்க தெரியுமா? இனிமே பயமே இல்லையாம். நாம நின்னா நிப்பாட்டுவாங்களாம். மலையம்மாக்கா சொல்லுது, பாலத்துக்கு மனுவே வேணாமாம். அந்தப் படத்தை எல்லாரும் போன்ல அனுப்பிக்கிட்டாங்க."

அன்றைக்குக் காலையில் வளைவுக்கு முன்னால் பயந்ததைவிட ஆசீர்வாதம் இப்போது அதிகமாகப் பயந்தார்.

"நாளைக்குக் காலையில நான் இல்லை ரூத். வேற ஆளு வருவான். பச்சையைப் பாத்தா அவன் நூத்திப்பத்துலதான் வருவான். வளைவைத் தாண்டிப் பாத்தா அவனால நிப்பாட்டவே முடியாது."

"என்கிட்டச் சொல்லி என்ன? அவங்ககிட்டச் சொல்லுங்க. நான் சொன்னா இனிமே எடுபடாது. பத்து நிமிஷம் வராதுன்னு சொன்னதும் நாந்தான்."

மேலே எழுதிப் போட்டால் என்ன என்று அவர் கேட்டார். ரூத் ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த காகிதத்தைத் திரும்பிப் பார்த்தாள். புது லைன் வரும், நல்லதுதான், வரட்டும். அது வருவதற்குள் எத்தனை காலை எட்டு முப்பத்திரண்டு இருக்கிறது என்று ஆசீர்வாதம் மனசுக்குள் எண்ணத் தொடங்கினார், எண்ணி முடிக்கவில்லை.

மறுநாள் அவருக்குச் சாயங்காலம்தான் டூட்டி. ஆனாலும் காலையிலேயே யூனிஃபாரம் மாட்டிக்கொண்டு ரூத்தோடு பாசஞ்சரில் ஏறினார். வேலங்குளத்தில் லூப்பில் வண்டி நின்றதும் பிளாட்பாரத்தில் இறங்கி ஒவ்வொரு ஜன்னலாக ஓடினார். "மேக்க எறங்காதீங்க, நேத்து நான் நின்னது அதிர்ஷ்டம், பின்னால எது வேணாலும் வரும்" என்றார். எல்லோரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். மலையம்மாள் நகர்ந்து உட்கார்ந்து, "ஒக்காரு தம்பி, வேர்க்குது" என்று இடம் கொடுத்தாள். அவர் உட்காரவில்லை. மேற்குக் கதவுக்குப் போய்க் குறுக்கே கையை வைத்துக்கொண்டு நின்றார்.

எட்டு முப்பத்திரண்டு. விரைவு வண்டி வந்தது.

இருபத்திரண்டு வருடமாக அவர் அந்த வேகத்துக்கு உள்ளே இருந்தவர். வெளியே, கைக்கு எட்டுகிற தூரத்தில் நின்று அதைப் பார்த்தது அன்றைக்குத்தான். காற்று நெஞ்சில் கைவைத்துத் தள்ளியது. கதவுக் கம்பி நடுங்கியது, பல் நடுங்கியது. நேற்று மலையம்மாள் உட்கார்ந்திருந்த இடத்தின் மேல் சக்கரம் சக்கரமாகப் போயிற்று. கண்ணை மூடிக்கொண்டார். போய் முடிந்தபின் தரைப் புழுதி மெல்ல இறங்கியது, வெயிலும் நிழலும் பழையபடி இருந்தன.

பின்னால் பெட்டி முழுக்க எழுந்து நின்றது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தார்கள்.

"போகலாமா சார்?"

இல்லை என்று அதட்டியிருக்கலாம். ஆனால் ஏன் இல்லை என்று கேட்பார்கள். அவரிடம் இருந்தது ஒரே ஒரு உண்மைதான், அதைச் சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்தது.

"எனக்குத் தெரியாது" என்றார். "பின்னால என்ன வருதுன்னு எனக்குத் தெரியாதும்மா. நேத்தும் தெரியாது. ஒன்றரை வருஷமாவே தெரியாது."

சாருக்கே தெரியவில்லையாம் என்று ஒருத்தி மெதுவாகச் சொன்னாள். ரூத் முதலில் உட்கார்ந்தாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். மற்றப் பெட்டிகளிலிருந்து எட்டிப் பார்த்தவர்களும் இந்தப் பெட்டி இறங்கவில்லை என்றதும் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்கள்.

காத்திருந்தார்கள். ஆசீர்வாதம் கதவிலிருந்து வளைவைப் பார்த்துக்கொண்டே நின்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒரு வண்டி வரட்டும் என்று வேண்டிக்கொண்டார். ஏதாவது ஒன்று, ஒரு கூட்ஸ், ஒரு வெறும் இன்ஜின் வந்துவிட்டால் போதும். இவர்கள் கண்ணால் பார்த்துவிட்டால் பிறகு ஜென்மத்துக்கும் இறங்க மாட்டார்கள். எட்டு நாற்பதானது. எட்டு நாற்பத்திரண்டுக்கு மேட்டில் பஸ் வந்து நின்றது, யாரும் ஏறாததால் கொஞ்சம் தயங்கிவிட்டுக் கிளம்பிப் போயிற்று. ஜவுளிக்கடைப் பெண்கள் கடைக்குப் போன் போட்டுக் கெஞ்சினார்கள். ஐம்பதானது. தண்டவாளம் வெயிலில் மினுமினுத்துக்கொண்டு வெறுமனே கிடந்தது. ஒரு நாய் அதை நிதானமாகத் தாண்டிப் போனது.

எட்டு ஐம்பத்தைந்துக்குப் பாசஞ்சருக்குப் பச்சை விழுந்தது. அதுவரைக்கும் அந்த லைனில் எதுவும் வரவில்லை.

"ஒண்ணுமே வரலையே தம்பி" என்றாள் மலையம்மாள். குத்திக்காட்டுகிற குரல் இல்லை, சும்மா நடந்ததைச் சொல்கிற குரல். "எறங்கியிருந்தா இந்நேரம் ஆஸ்பத்திரியில கையெழுத்துப் போட்டிருப்பேன்."

"வரலைதான்" என்றார் ஆசீர்வாதம்.

வண்டி மெல்ல அசைந்து நகர்ந்தது. மலையம்மாள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஏதோ யோசித்தாள்.

"நாளைக்கு அந்த வண்டியை யாரு தம்பி ஓட்டுறது?"

அவர் ரூத்தைப் பார்த்தார். சொல்லாதீர்கள் என்பது போல அவள் தலையை லேசாக அசைத்தாள். அதற்குள் அவர் வாய் முந்திவிட்டது.

"நாந்தான்."

மலையம்மாள் முகம் தெளிந்தது. எதிர் சீட்டில் இருந்த ஜவுளிக்கடைப் பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள்.

"அப்பச் சரி" என்றாள் மலையம்மாள்.